கதறுகிற வேலை

வாரத்தில் ஐந்து நாள் அவருக்குக் கால் போகும். ஒரே நாளில் ஆறேழு தடவை போவதும் உண்டு. காலையில் வந்ததும் ஒரு தடவை, டீக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்டு வயிறு கனத்துக் கண்ணைச் சொக்கும்போது இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் புதுசாகப் போன மாதிரி அலற வேண்டும். சம்பளமே அதற்குத்தான்.

ராணுவ மருத்துவப் பயிற்சிப் பள்ளியின் பின்பக்கம், ஒரு காலத்தில் லாரிகள் நிறுத்திய பெரிய தகரக் கொட்டகை. உள்ளே மணல் மூட்டைகள், வேண்டுமென்றே இடித்துவிட்ட மாதிரி கட்டிய சுவர், கதவில்லாத ஜீப் ஒன்று, புகை கக்குகிற மெஷின், வெடிச்சத்தம் போடுகிற ஸ்பீக்கர். அந்தத் தரையில் படுத்துக் கதறுவது அவர் வேலை. நிஜமாகவே அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. போரில் போனது. போன காலை வைத்துப் பிழைக்கலாம் என்று யாரோ ஒரு அதிகாரிக்குத் தோன்ற, அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள். பயிற்சிக்கு வரும் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் கதறல். முகத்துக்கு நேரே பேசும்போது மரியாதையாகக் கதறல் அண்ணன்.

காயம் போட்டுவிடுவது சாயம். சாயம் என்றால் ஆள்தான். நாடகக் கம்பெனியில் ராஜாக்களுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்த பெண், இப்போது இங்கே எலும்பு ஒட்டுகிறாள்.

"எலும்ப இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலா வைக்கவாண்ணே?"

"வையி. நேத்து வச்சது சோப்புத் துண்டு மாதிரி இருந்துச்சு."

"அது சோப்புத்தாண்ணே."

சட்டைக்குள் ஒரு பை நிறைய சிவப்புத் தண்ணீர். அதிலிருந்து ஒரு குழாய் தொடையோரமாக இறங்கி ரப்பர்க் காயத்துக்குள் முடியும். கைக்குள் ஒரு சின்ன பம்பு. அமுக்கினால் ரத்தம் பீச்சும், விட்டால் நிற்கும். எப்போது நிறுத்துவது என்பது அவர் பொறுப்பு. பையன் வந்து தொடையில் டூர்னிகெட் கட்டுவான். அகலமான பட்டை, நடுவில் ஒரு குச்சி. குச்சியை முறுக்க முறுக்கப் பட்டை சதையைக் கவ்வும். ரத்தக்குழாய் நசுங்கும் அளவுக்குக் கவ்வினால் உயிரே போகிற மாதிரி வலிக்கும். அந்த வலி வந்தால்தான் அவர் பம்பை விடுவார். கட்டியது டூர்னிகெட்டா, இல்லை பரிசுப் பொட்டலத்துக்குச் சுற்றிய ரிப்பனா என்று அவர் தொடைக்கு நன்றாகத் தெரியும். கட்டி முடித்ததும் கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் நெற்றியில் எழுதுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நெற்றி பரீட்சைத் தாள் மாதிரி இருக்கும்.

பாடம் நடத்தும் சார்ஜன்ட் ஒரு பெண்மணி. பல வருஷம் போரில் முன்வரிசையில் கிடந்துவிட்டு வந்தவர். அவர் வாயில் நோயாளி என்ற சொல் வராது. அடிபட்டவன் எவனானாலும் கேஷுவல்டிதான்.

"அடிபட்டவனுக்குக் கட்டுற சீட்டு நாலு நிறம். சொல்லுடா கொட்டாவி."

கொட்டாவி எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்து நிற்கும் பையன். வாயை மூடிய நேரத்தில் நக்கல் பேசுவான்.

"பச்சைன்னா நடந்து வருவான் மேடம். மஞ்சள்னா கொஞ்சம் காத்திருப்பான். சிவப்புன்னா இப்பவே பாக்கணும். கறுப்புன்னா செத்துட்டான்."

"செத்தவனுக்கு எதுக்குடா நிறம்? அவனுக்கு என்ன அவசரம்? கறுப்புன்னா இன்னும் சாகல. நீ தொட்டாலும் போயிடுவான், தொடலேன்னாலும் போயிடுவான். அவன் பக்கத்துலயே உக்காந்துட்டேன்னா, அடுத்தாப்ல கெடக்கிற சிவப்பும் கறுப்பாயிடும்."

"அவன்கிட்ட என்ன மேடம் சொல்றது?"

"தண்ணி கேப்பான். வரேன்னு சொல்லு."

"திரும்பி வரணுமா மேடம்?"

 "அடிபட்ட முதல் ஒரு மணி நேரம் தங்கம்" என்று சார்ஜன்ட் அடுத்த பாடத்துக்குத் தாவினார். "அடகு வைக்கலாமா மேடம்?" என்றான் கொட்டாவி. கொட்டகையே சிரித்தது. தரையில் காயத்தோடு படுத்திருந்த கதறலும் சிரித்துவிட்டார். எலும்பு கழன்று விழுந்தது.

சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி.

இந்தத் தடவை பயிற்சிக்கு வந்த கூட்டத்தில் அவனும் வந்து சேர்ந்ததில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. கை சுத்தம், ஞாபகம் கெட்டி, பாடத்தில் எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வான். ஆனால் குச்சியைக் கையில் எடுத்தால் போச்சு. மாமா "அய்யோ" என்றதும் விரல் தளர்ந்துவிடும். ஒரு முறுக்கு கம்மியாக நிறுத்திவிட்டு, "வலிக்குதா மாமா?" என்று கேட்பான். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "வலிக்கலப்பா, கூசுது" என்று கொட்டாவி மாமாவின் குரலில் பதில் சொல்வான்.

கடைசிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தேறியவர்கள் முன்வரிசைக்குப் போவார்கள். தேறாதவர்கள் பின்னால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு, வார்டு வேலைக்கு. பரீட்சையில் ஒரு விஷயத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. கட்டிய டூர்னிகெட்டைக் கேஷுவல்டி கெஞ்சினான் என்பதற்காகத் தளர்த்தினால், அந்த நிமிஷமே வெளியே.

அவர் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் என்று ஒன்று இருந்தது, அதற்குள் யாரோ சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றியதும், மனைவி ஈரத்துணியோடு வந்து நெற்றியைத் துடைப்பாள். அவள் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் காலர் வைத்த விரல்கள். அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

"தோல் வந்துடப் போவுது, மெதுவா."

"இப்ப எல்லாம் என்ன சைஸ் தைக்கறோம் தெரியுமா? சின்னது. நாலு நாளா ஒரே சின்ன சைஸ்தான். தோள் அளவப் பாத்தா பள்ளிக்கூடத்துச் சட்டை மாதிரி இருக்கு."

துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

"அவன ஃபெயில் ஆக்கிடுங்க."

"யாரை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. என் தம்பிய."

"பரீட்சை வைக்கிறது சார்ஜன்ட். நான் தரையில கெடக்கிறவன்."

"நீங்க கத்துனா கீழ் வீட்டுக்காரி அடுப்ப அணைச்சிட்டு ஓடி வந்தா, ஞாபகம் இருக்கா? கனவுல கத்துனதுக்கே. முழிச்சிக்கிட்டுக் கத்துனா இவன் தாங்குவானா? உங்க வேலையத்தான செய்யச் சொல்றேன். கொஞ்சம் நல்லா செய்யுங்க. அவ்வளவுதான்."

"அவன் ஆசைப்பட்டுப் போறான்டி."

"அவனுக்குப் பால் பல்லு விழுந்தப்ப என் மடியிலதான் விழுந்துச்சு. அம்மா போனப்புறம் அவன் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் நான் ஊட்டுனது. அவன் ஆசப்படுவான், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? ஆஸ்பத்திரில பெட்பேன் தூக்கட்டும். உயிரோட தூக்கட்டும். ஒரு கால இந்த வீட்ல இருந்து குடுத்தாச்சு. போதும்."

அவர் காலைக் கொடுத்த கதையை அவளிடம் பாதிதான் சொல்லியிருந்தார். மீதிப் பாதி இதுதான். அன்றைக்கு அவருக்குக் கட்டுப் போட்டவனின் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. அவனுடைய முழங்கால் மட்டும் ஞாபகம் இருக்கிறது. தொடை மேல் ஏறி உட்கார்ந்த முழங்கால். கெஞ்சினார், அவன் தாயைப் பழித்தார், கையை எட்டிக் கடித்தார். அவன் விடவில்லை. பக்கத்தில் இன்னொருத்தன் கிடந்தான், அவனுக்கும் கால்தான். அவனும் கெஞ்சினான். அவனுக்குக் கட்டுப் போட்டவன் நல்லவன். இரக்கப்பட்டுக் கொஞ்சமாகத் தளர்த்தினான். "அப்பாடா" என்றான் அடிபட்டவன். அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? "பாக்கலாம்" என்றார்.

மறுநாள் வகுப்பு முடிந்து, குழாயடியில் ரப்பரை உரித்துக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்து பக்கத்தில் நின்றான். சோப்பு எடுத்துக் கொடுத்தான். துண்டு எடுத்துக் கொடுத்தான்.

"என்னடா மாப்ள, கவனிப்பு பலமா இருக்கு?"

"மாமா, பரீட்சைக்கு நீங்கதான் எனக்கு வர்றீங்களாம். மேடம் சொன்னாங்க."

"சரி."

"கொஞ்சம் கம்மியா கத்துங்க மாமா."

அவர் குனிந்து தொடையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"இல்லேன்னா பம்ப கொஞ்சம் சீக்கிரம் விட்டுடுங்க. யாருக்கும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் மாமா, பாடம் பூரா தெரியும். உங்க மூஞ்சியப் பாத்தாதான் கை ஓட மாட்டேங்குது. அங்க போனா வேற ஆளுங்க. அது வேற மாதிரி."

"வேற ஆளுன்னா வலிக்காதா?"

"அப்படி இல்ல மாமா… கொட்டாவி போறான். எல்லாரும் போறாங்க. நான் மட்டும் அக்கா பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு வார்டு தொடைக்கணுமா? நாளைக்கு இவனுங்க எல்லாம் திரும்பி வருவானுங்க. அன்னிக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எதுத்தாப்ல போயி நிப்பேன்?"

திரும்பி வருவானுங்க என்று அவன் சொன்ன வேகம் அவருக்கு என்னவோ செய்தது. சந்தேகமே இல்லாமல் சொன்னான். பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸில் வருகிற மாதிரி.

"பாக்கலாம்டா" என்றார்.

ஆக, அக்காவுக்கும் பாக்கலாம், தம்பிக்கும் பாக்கலாம். ஒருத்திக்கு அவர் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இன்னொருத்தனுக்கு அவர் பூனை மாதிரி முனக வேண்டும். இருப்பது ஒரே தொண்டை. பரீட்சை நாள் வரைக்கும் அதை வைத்துக்கொண்டு சாப்பிடவும் முடியவில்லை.

பரீட்சை அன்று சாயம் அவர் முகத்துக்கு வெளிறல் பூசிக்கொண்டே, "என்னண்ணே, நான் பூசறதுக்கு முன்னாடியே வெளுத்துப் போய் இருக்கீங்க?" என்றாள்.

"பேசாம பூசு."

புகை வந்தது. ஸ்பீக்கர் வெடித்தது. கொட்டாவிதான் முதலில் போனான். வேறொரு இடத்தில் வேறொரு ஆளுக்குக் கட்டினான். "நல்லாக் கத்துங்க பெரியவரே, கைத்தட்டல் வாங்கித் தரேன்" என்று பேசிக்கொண்டே முறுக்கி, பேசிக்கொண்டே தேறினான்.

அப்புறம் மச்சினன் உள்ளே வந்தான். புகைக்குள் குனிந்து ஓடி வந்து மண்டியிட்டான். பட்டையை எடுத்து, தொடையில் சுற்றி, குச்சியைப் பிடிப்பது வரைக்கும் கை தண்ணீர் மாதிரி ஓடியது. நேர்த்தியாகச் செய்தான். அதைப் பார்த்ததும் கதறலுக்குள் ஏதோ முடிவாகிவிட்டது. இவன் தேறிவிடுவான். இவ்வளவு நன்றாகச் செய்கிறவன் அங்கே போனால் நேராகக் குண்டு விழுகிற இடத்துக்குத்தான் குனிந்து ஓடுவான். அவள் சொன்னது சரி. ஒரு கால் போதும்.

அவர் தொண்டையைத் திறந்தார்.

அவர் கதறலுக்கு மூன்று படி உண்டு. முதல் படி சும்மா அலறல், அதற்கு எல்லாரும் பழகியிருந்தார்கள். இரண்டாம் படி வசவு, பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் இழுத்துத் திட்டுவது. மூன்றாம் படிதான் விஷம். சத்தமெல்லாம் அடங்கி, காதோடு காதாக, சின்னக் குரலில் கெஞ்சுவது. அலறலுக்கு அசராமல் நின்ற பையன்கள் அந்தச் சின்னக் குரலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். இன்றைக்கு அவர் நாலாவதாக ஒரு படியும் இறங்கினார். இதுவரை இந்தக் கொட்டகையில் ஒருத்தருக்கும் காட்டாதது.

"மாப்ள… நடிப்பு இல்லடா. பழைய எலும்பு உள்ள குத்துது. நெஜமா. கொஞ்சம் விடுடா."

மச்சினன் கை நின்றது.

"அக்கா சோத்தக் கூழாக் கரைச்சு உனக்கு ஊட்டுவாளே, அந்தக் கையாலதான் டெய்லி என் காலத் தொடைக்கிறா. இன்னிக்கு இதப் பாத்தா அவ என்னடா கேப்பா? நீ கட்டுனதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஒரே ஒரு முறுக்குடா. என் ராசா. ஒரு முறுக்கு."

 அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான், விழுந்துவிட்டான் என்று அவர் நினைத்தார். நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதியும், அதன் பின்னாலேயே அசிங்கமான ஒரு வெட்கமும் வந்தன. எத்தனையோ பையன்களைக் கெஞ்சியே தோற்கடித்திருக்கிறார். அது அவர்கள் உறுதியாவதற்கு. இது அப்படியில்லை. இவனிடம் இருக்கிற நல்ல குணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அந்த இடத்தில் பார்த்துக் கத்தியை வைத்திருந்தார்.

அப்போது மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்காமல், தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைத் தூக்கி அவர் தொடை மேல் வைத்து அழுத்தினான். குச்சியை இன்னும் ஒரு முறுக்கு. அப்புறம் இன்னொரு முறுக்கு.

இந்த முறை அவர் கத்தியது வேலைக்காக இல்லை. பம்பு தானாகக் கையிலிருந்து நழுவியது.

"கத்துங்க மாமா" என்றான் அவன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. கத்துங்க."

பேனாவை எடுத்து அவர் நெற்றியில் நேரத்தை எழுதினான். எண்கள் நேராக நின்றன.

சார்ஜன்ட் குனிந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தார். நாடி இல்லை. நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்து, "பாத்தீங்களாடா? கட்டுன்னா இது" என்றார். பிறகு கதறலிடம், தணிந்த குரலில், "அண்ணே, இன்னிக்கு மாதிரி நீங்க எந்த நாளும் செஞ்சதில்ல. இனிமே அவன எவனும் அசைக்க முடியாது" என்றார். பாராட்டித்தான் சொன்னார்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நீங்க கத்தல."

"கத்துனேன்."

"பொய். மச்சினன் கேட்டான்னு முனகிட்டு வந்திருக்கீங்க. ஆம்பளைங்களுக்குள்ள ஒப்பந்தம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை மேலே சுருட்டினார். தொடையைச் சுற்றிப் பட்டை அகலத்துக்குக் கருநீலமாக ஒரு வளையம். அவள் குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு சுற்றுச் சுற்றித் தடவினாள். தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"எவ்வளவு அழகாக் கட்டியிருக்கான்" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நெற்றியை அவரே துடைத்துக்கொண்டார்.

பையன்கள் பஸ்ஸில் போனார்கள். ஜன்னல் வழியாகக் கொட்டாவி பாதி உடம்பை வெளியே நீட்டி, "கதறல் அண்ணே, உங்க தொடைய எனக்கு எழுதி வச்சிடுங்க" என்று கத்தினான். மச்சினன் அக்காவைப் பார்த்துக் கை மட்டும் காட்டினான். அவள் பதிலுக்குக் கை காட்டவில்லை, முந்தின ராத்திரி தானே தைத்துச் சின்னதாக்கிக் கொடுத்த அவன் சட்டையின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போன பிறகும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் வந்தது ஒரு விடுமுறை நாள், மத்தியானம். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். அவர்தான் எடுத்தார்.

"மாமா."

"மாப்ள! எப்படிடா இருக்க? இரு, அக்காவக் கூப்பிடறேன்…"

"வேணாம் மாமா. உங்ககிட்டத்தான்."

பின்னால் என்னவோ இன்ஜின் ஓடும் சத்தம். 

"கொட்டாவி போயிட்டான் மாமா."

அவர் மொட்டை மாடிப் படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அவன் வண்டி மேல குண்டு விழுந்துச்சு. நான் பின்னாடி வண்டில. எறங்கி ஓடுனேன். டிரைவர் ஒருத்தன் கத்திக்கிட்டு இருந்தான் மாமா, உங்கள மாதிரியே. அப்படியே உங்க கொரல். நேரா அவன்கிட்ட போயிட்டேன். கை விரல் ரெண்டு போயிருந்துச்சு. அவ்வளவுதான். ரெண்டு விரல். அவனுக்குக் கட்டு போட்டு, கெஞ்ச கெஞ்ச விடாம முறுக்கி, நெத்தில நேரம் எழுதி… எல்லாம் சரியா செஞ்சேன் மாமா. ஒண்ணு கூடத் தப்பு இல்ல."

"சரிடா."

"கொட்டாவி சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். வாயத் திறந்து வச்சிருந்தான், எப்பவும் போல. நல்லா இருக்கான்னு நெனச்சேன். கைய வேற காட்டுனேன், வரேன்னு. அடி தொடை இடுக்குல மாமா. ரத்தம் பூரா கீழ மணல் குடிச்சிடுச்சு. அவன் சத்தமே போடல. ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தா…"

"மேடம் சொல்லித் தந்திருப்பாங்களேடா. சும்மா கெடக்கிறவன மொதல்ல பாருன்னு."

"சொன்னாங்க மாமா. காதுல இருந்துச்சு. கால் கேக்கல. கால் உங்க கொரலுக்குத்தான் பழகியிருக்கு."

 இவ்வளவு வருஷமாக ஊரைக் கூட்டிய தொண்டை. ஒரு வார்த்தை வரவில்லை.

"இங்க ஒருத்தரும் உங்கள மாதிரி கத்த மாட்டேங்கிறாங்க மாமா" என்றான் அவன், ஏதோ புகார் சொல்கிற மாதிரி. "ரொம்ப அடிபட்டவங்க சும்மா இருக்காங்க." இன்ஜின் சத்தம் கூடியது. "அக்காகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லுங்க." வைத்துவிட்டான்.

அவள் காலி வாளியோடு இறங்கி வந்தாள். அவர் கையில் போனைப் பார்த்தாள்.

"அவனா?"

"ஆமா."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான். நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னான்."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். கூட வாழ்ந்தவள், வேறு ஏதோ இருக்கிறது என்று தெரியாமலா போகும்? ஆனால் கேட்கவில்லை. "இருக்கான்ல. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம். சொல்லாதீங்க" என்றாள்.

அடுத்த கூட்டம் வந்தது. அதே தோள், அதே சின்ன சைஸ். கொட்டகையில் புகை விட்டார்கள். அவருக்கு ஜோடியாகக் கதறுகிற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டதால், சாயமே தன் கையில் ஒரு காயத்தை ஒட்டிக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்தாள். சின்னக் காயம்தான், மஞ்சள் நிறம்.

பையன்கள் உள்ளே ஓடி வந்தார்கள். கதறல் பம்பை அமுக்கினார். ரத்தம் பீச்சியது. அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அய்யோ அம்மா, என் கை!" என்று சாயம் சுவரோரம் கத்தினாள். நாடகக்காரி, நன்றாகவே கத்தினாள். பையன்கள் மொத்தமும் அவளிடம் ஓடினார்கள். ஒருத்தன் அவரைத் தாண்டியே போனான். பூட்ஸ் அவர் மூக்கை உரசிக்கொண்டு போனது. அவள் கையைக் கட்டினார்கள், நெற்றியில் நேரம் எழுதினார்கள், ஒருத்தன் ஆறுதல் கூடச் சொன்னான். கதறல் அமுக்கிக்கொண்டே இருந்தார். பை வற்றி, குழாயில் வெறும் காற்று வந்தது.

சார்ஜன்ட் நடந்து வந்து அவர் தலைமாட்டில் நின்றார்.

"என்னண்ணே? தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல மேடம்."

"பின்ன ஏன் கத்தல?"

"கொட்டாவி கத்தலையாம் மேடம்."

சார்ஜன்ட்டுக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது.  பையன்கள் பக்கம் திரும்பி, கொட்டகை அதிர, "இங்க பாருங்கடா. எல்லாரும் சேந்து ஒருத்தரக் கொன்னுட்டீங்க" என்றார். பையன்கள் வந்து வற்றிப்போன பையையும் சிவந்த தரையையும் பார்த்தார்கள். முகம் செத்துப் போனது. "சும்மா கெடக்கிறவனத் தேடு, தேடுன்னு நான் காட்டுக் கத்தா கத்தறேன். வெளிய போங்க. மறுபடியும் வாங்க."

பை நிரப்பினார்கள். சாயம் அதே சுவரோரம் படுத்தாள். ஆனால் இந்தத் தடவை சார்ஜன்ட் அவள் காதில் ஏதோ சொல்ல, அவள் கையில் ஒட்டியதைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கழுத்தில் ஒன்றை ஒட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கிடந்தாள். சிவப்பு.

புகை. வெடி. பையன்கள் வந்தார்கள். மொத்தமும் நேராக, போன தடவை தவறவிட்ட கதறலிடம்தான் வந்தார்கள். ஒருத்தன் பாக்கி இல்லை. ஒருத்தன் தலையைப் பிடித்தான், ஒருத்தன் தொடையில் ஏறினான், இரண்டு பேர் ஒரே குச்சிக்கு அடித்துக்கொண்டார்கள். அவர்கள் உடம்புக்கு நடுவே இருந்த சந்து வழியாக அவருக்குச் சுவர் தெரிந்தது. சாயத்தின் கழுத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கித் தரையில் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

அவர் கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினார்.

"அண்ணே, அசையாதீங்க" என்று ஒரு பையன் அந்தக் கையைப் பிடித்து, பத்திரமாக மார்பில் மடக்கி, அழுத்தி வைத்துக்கொண்டான். "பயப்படாதீங்க. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்."